மனசுக்குள் ஏழு பேர் – 4: அன்னா சாப்பிட்டாள்

ஜூலை 26 நெருங்கினால் புக்கிட் மெர்தாஜாமில் குலிம் சாலை நகராது. புனித அன்னம்மாள் திருவிழா. ஈப்போ, கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வருகிறார்கள். நவநாள்களையும் சேர்த்தால் கூட்டம் லட்சத்தைத் தொடும். 1846இல் தொடங்கிய பங்கு இது. 1888இல் கட்டிய பழைய கோயில் மலையடிவாரத்தில் இன்றும் நிற்கிறது. மினாங்கபாவ் பாணிக் கூரை போட்ட பெரிய கோயில் 2002இல் வந்தது. 2019இல் ரோமாபுரி இதைப் பசிலிக்காவாக உயர்த்தியது. மெழுகுவர்த்தி ஏற்றவும் ஊற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துப் போகவும் வருகிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் உண்டு. டுரியான் பருவமும் அதே சமயம்தான் என்பதால், திரும்பிப் போகிற வண்டிகளில் பக்தியோடு அந்த வாசமும் ஏறிக்கொள்ளும்.

தலையான பாவங்கள் ஏழில் சென்ற வாரம் கோபம். இந்த வாரம் பொறாமை. அதைப் பேச இந்தக் கோயிலுக்கு ஏன் வர வேண்டும்? இங்கே வைக்கப்படும் வேண்டுதல்கள் பலவற்றின் அடியில் ஒரு பக்கத்து வீடு இருக்கிறது. பிள்ளை வேண்டும் என்பது வாய்விட்டுக் கேட்பது. கொழுந்தன் பெண்டாட்டிக்கு இரண்டாவதும் பிறந்துவிட்டதே என்பது உள்ளே கிடப்பது. மகனுக்கு மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்கட்டும் என்று கும்பிடுகிறோம். எதிர்வீட்டுப் பையனுக்குக் கிடைத்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்த அன்றுதான் அந்த வேண்டுதல் பிறந்தது. பில் கேட்ஸின் பணத்தைப் பார்த்து யாருக்கும் வயிறு எரிவதில்லை. ஓரகத்தி வாங்கிய இரட்டை மாடி வீடுதான் எரிக்கிறது.

அன்னம்மாளும் இதற்கு விதிவிலக்கு இல்லை. மரியாளின் தாயான இவரைப் பற்றி விவிலியத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, திருச்சபை மறைநூலாக ஏற்காத ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’தான் இவர் கதையைச் சொல்கிறது. பிள்ளையில்லாத அன்னம்மாள் தோட்டத்து மரத்தில் ஒரு குருவிக்கூட்டைப் பார்க்கிறார். பறவைக்குக்கூட வாய்த்தது எனக்கு வாய்க்கவில்லையே என்று புலம்புகிறார். குருவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்தான் இன்று பீடத்தில் நிற்கிறார். அந்தக் காட்சியைப் பூசி மெழுகாமல் விட்டுவைத்த பழைய கதைசொல்லிக்கு நான் நன்றி சொல்வேன்.

அதே பெயர் கொண்ட இன்னொருத்தியின் கதை இன்னும் கூர்மையானது. சாமுவேலின் முதல் நூலில் வரும் அன்னா. எல்கானாவுக்கு இரண்டு மனைவியர். பெனின்னாவுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாவுக்கு இல்லை. ஆண்டுதோறும் குடும்பத்தோடு சீலோவுக்குப் போய்ப் பலி செலுத்துவார்கள். பலியிட்ட இறைச்சியை எல்கானா பங்கு வைப்பான்: பெனின்னாவுக்கும் அவள் மகன்கள் மகள்களுக்கும் வரிசையாகப் பங்கு, அன்னாவுக்கென்று தனியாக ஒன்று. அந்தப் பந்தியை நினைத்துப் பாருங்கள். எத்தனை கை நீள்கிறது என்பதே குத்திக்காட்டப் போதும். பெனின்னாவோ வாய் திறந்தும் குத்திக்காட்டினாள். சீலோவுக்குப் போகும்போதெல்லாம் அவள் குத்தல் உண்டு. அன்னா அழுவாள், சாப்பிட மாட்டாள். பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்று கேட்டான் புருஷன். நல்ல மனுஷன்தான், ஆனால் எதற்கும் உதவாத ஆறுதல்.

ஒரு வருஷம் அவள் எழுந்து கோயிலுக்குப் போனாள். உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் கொட்டித் தீர்த்தாள். குரு ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்தார். குடிக்கவில்லை, மனசைக் கொட்டுகிறேன் என்றாள். அவர் வாழ்த்தி அனுப்பினார். திரும்பிப் போனாள், சாப்பிட்டாள், முகம் தெளிந்தது.

சாமுவேல் அப்போது இன்னும் கருவில்கூட இல்லை. பெனின்னா அதே குடும்பத்தில், அதே பிள்ளைகளோடு, அதே வாயோடுதான் இருக்கிறாள். ஒன்றும் மாறவில்லை, ஆனால் சோறு இறங்குகிறது. கிறிஸ்தவம் சொல்லும் மனநிறைவு இந்த இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன், பிள்ளை பிறந்த இடத்தில் இல்லை. பெனின்னாவிடம் பதிலுக்குப் பதில் பேசியிருந்தால் சண்டை. தனக்குள்ளேயே வைத்திருந்தால் புண். கேட்க வேண்டியவரிடம் கொண்டுபோய் வைத்தாள். பிறகு பிறந்த பிள்ளையையும் பால் மறந்ததும் கோயிலிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினாள். பெனின்னாவோடு போட்டி போடுகிறவள் செய்கிற காரியமா அது?

நம் ஜெபக்கூட்டங்களில் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம் என்பது என் வருத்தம். சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர் கார் கிடைத்ததைச் சொல்கிறார், பதவி உயர்வைச் சொல்கிறார், மகளுக்கு ஆஸ்திரேலியா விசா வந்ததைச் சொல்கிறார். அல்லேலூயா போடுகிறோம். பின்வரிசையில் மூன்று வருஷமாக வேலை தேடும் ஒருவர் அந்த அல்லேலூயாவை என்ன மனசோடு சொல்வார்? கிடைத்தவர்கள் மட்டுமே பேசும் மேடை, பெனின்னாவின் பந்திதான். கிடைக்காமலும் தெளிந்தவர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லும் சபையை நான் அதிகம் பார்த்ததில்லை. பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது, எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். கற்றுக்கொண்டாராம். அவருக்கே பாடம் படிக்க வேண்டியிருந்தது.

பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் அப்படிப் பாடம் படித்தவர். அந்த இரட்டை மாடி வீடு அவருடைய ஓரகத்தி வாங்கியதுதான். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது சாமியார் கொடுத்த பரிகாரம்: தினமும் அந்த ஓரகத்திக்காக ஒரு அருள் நிறைந்த மரியே, பேரைச் சொல்லி.

“பல்லைக் கடிச்சிக்கிட்டுத்தான் சொன்னேன் தம்பி. பேரு வாயில வரல. ‘அவங்க’ன்னு சொல்லிப் பார்த்தேன், சாமியார் பேரைச் சொல்லணும்னாரே, அதான் மறுபடியும் சொன்னேன்.”

இப்போது பொறாமை போய்விட்டதா என்று கேட்டேன். சிரித்தார்.

“எங்கப்பா போவுது? இப்பவும் அங்கே போனா டைல்ஸைத்தான் மொதல்ல பாக்குறேன். ஆனா போன கிறிஸ்மஸ்க்கு அவ ஆக்கின கோழிக்கறியை ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். முன்னெல்லாம் வயிறு சரியில்லைன்னு சொல்லிட்டு தண்ணி மட்டும் குடிச்சிட்டு வந்துருவேன்.”

அடுத்த வாரம் பேராசை. அங்கேயும் ஒருவர் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறார்: ஆகாப் அரசர், பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தை நாபோத்து தர மறுத்துவிட்டாராம்.