புகையைத் தடுக்குமா உங்கள் மாடிக் கதவு?

நரோரா என்றால் மும்பை அணுசக்தி நகரின் மூத்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். 1993 மார்ச் 31 விடிகாலை அந்த அணுமின் நிலையத்தில் டர்பைன் இறக்கைகள் முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ அணு உலையை எட்டவில்லை. ஆனால் புகை கட்டுப்பாட்டு அறைக்குள்ளேயே புகுந்தது. பணியில் இருந்தவர்கள் அறையை விட்டு ஓட வேண்டியதாயிற்று.

வீட்டிலும் புகைதான் முதல் எமன். 2018 டிசம்பர் 27 அன்று, அணுசக்தி நகருக்குப் பக்கத்திலேயே, செம்பூர் திலக் நகரின் சர்கம் சொசைட்டி தீவிபத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 19 மாடிக் கட்டடத்தில் தீ ஒரு வீட்டையும் அதன் வாசல் நடையையும் தாண்டவே இல்லை. புகைக்கு மட்டும் 17 பேர் பலியானார்கள். தீப்பிடித்த வீட்டின் கதவும் 15ஆம் மாடியின் படிக்கட்டுக் கதவும் தானாக மூடிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் காரணம்.

படிக்கட்டுக்கு முன்னால் நிற்கும் கனத்த ஃபயர் டோர் இதற்குத்தான். உயர்ந்த கட்டடங்களில் அது இரண்டு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்கிறது 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கதவு, நிலை, கீல் எல்லாம் ஒரே செட்டாகச் சோதிக்கப்பட்டவை. கதவு விளிம்பில் விரல் வைத்துப் பாருங்கள்: ஒரு பட்டை ஓடும். சுமார் 200 டிகிரி சூட்டில் அது உப்பி இடுக்கை அடைத்துவிடும். ஆனால் தீ மூண்ட முதல் நிமிடங்களில் வரும் புகைக்கு அவ்வளவு சூடு கிடையாது, பட்டை அசையாது. அதற்குத் தனியாக ரப்பர் அல்லது பிரஷ் சீல் வேண்டும். பெயின்ட் அடிப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பூசி மெழுகிவிடுகிறார்கள். இன்டர்நெட் கேபிளுக்காக நிலையில் துளை போடுகிறவர்களும் உண்டு.

இவற்றையெல்லாம் விடப் பெரிய எதிரி, காற்று வரட்டும் என்று கதவுக்கு முட்டுக் கொடுக்கும் செங்கல். திறந்தே வைக்க வேண்டுமானால், அலாரம் அடித்ததும் கதவை விட்டுவிடும் காந்தப் பிடிப்பான் இருக்கிறது. செலவு என்று சொசைட்டிகள் தட்டிக்கழிக்கின்றன.

மகாராஷ்டிர தீத்தடுப்புச் சட்டம் 2006இன்படி, சாதனங்கள் சரியாக இருப்பதாக உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்றை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கொடுக்க வேண்டும். சான்று கொடுக்க வருகிறவரைக் கீழே லாபியிலிருந்தே திருப்பி அனுப்பாமல் செகரெட்டரி மாடி மாடியாக அழைத்துப் போகட்டும். கதவைப் பாதி திறந்து கையை விட்டால், அது தானே போய்த் தாழ்ப்பாள் விழ மூட வேண்டும். மூடாவிட்டால் பெரும்பாலும் கதவைத் தானாக மூட வைக்கும், மேலே உள்ள குளோசரின் திருகைச் சரிசெய்தால் போதும்.