இருதயமும் உடல் நிறையும்

மனித இருதயம் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 70 தடவை துடிக்கின்றது. ஒரு நாளிலே அத்துடிப்புக்களின் தொகை 1 இலட்சத்தை எட்டிவிடுகின்றது. நிமிடந்தோறும் சுமார் 5 லீற்றர் குருதியை உடலெங்கும் செலுத்தும் இவ்வுறுப்பு, கருவிலே தொழில் தொடங்கிய நாள் முதலாக ஓய்வு கொள்வதில்லை. ஓய்வறியாத இத்தொழிலாளியின் மீது மனிதர் தாமே ஏற்றிவைக்கும் சுமைகளுள் மிகையான உடல் நிறையும் ஒன்று. அச்சுமையை உணவாலும் உடற்பயிற்சியாலும் எவ்வாறு இறக்கலாம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

இப்பொருளைப் பற்றிய புதிய அறிவு பிறந்த இடங்களுள் ஒன்று, வியப்பாயினும் உண்மை, இலண்டன் மாநகரின் இரட்டைத் தட்டுப் பஸ் வண்டியாகும். ஜெரி மொரிஸ் என்னும் வைத்திய அறிஞரும் அவருடைய துணைவர்களும் 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளரின் உடல்நிலையை ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டிலே தம் முடிவை வெளியிட்டனர். சாரதி நாள் முழுதும் ஆசனத்தில் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ சீட்டு விற்பதற்காக நாளொன்றுக்கு 500 படிகளுக்கு மேல் ஏறி இறங்குபவர். இருவரும் ஒரே வண்டியில் தொழில் செய்வோர். ஒரே வகையான இல்லங்களில் வாழ்வோர். எனினும் மாரடைப்பு நடத்துநர்களிடையே குறைவாகக் காணப்பட்டது. அந்நோயால் நேரும் திடீர் மரணமும் சாரதிகளிடையே இருந்ததில் ஏறத்தாழ அரைப்பங்காகவே இருந்தது. நடந்து கடிதம் கொடுக்கும் தபாற்சேவகரையும், கந்தோரில் அமர்ந்து எழுதும் ஊழியரையும் ஒப்பிட்டபோதும் இதே உண்மை புலப்பட்டது.

இங்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. சாரதிகள் முன்னமே பருத்த உடலினராய் இருந்திருக்கலாமன்றோ? இவ்வையத்தைத் தீர்க்க அறிஞர்கள் தேடிச் சென்றது சீருடைகளை. தொழிலாளருக்குத் தைக்கப்பட்ட காற்சட்டைகளின் இடுப்பளவை ஆராய்ந்து 1956ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, சாரதிகளின் இடுப்பு நடத்துநர்களின் இடுப்பிலும் பெரிது என்பதைக் காட்டியது. பருமனும் ஒரு காரணமே என்பது இதனால் தெளிவாயிற்று. ஆயினும் ஒல்லியானவர், நடுத்தரமானவர், பருத்தவர் என்று பிரித்துப் பார்த்தபோதும், ஒவ்வொரு பிரிவிலும் நடத்துநரே நன்மை பெற்றிருந்தனர். ஆகவே இருதயத்தைக் காப்பதற்கு நிறையைக் குறைத்தல் ஒரு வழி. உடலை இயக்குதல் தனக்கெனப் பயனுடைய மற்றொரு வழி.

இவ்வாராய்ச்சி கொழும்பு மக்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இலண்டனில் ஓடிய அத்தகைய இரட்டைத் தட்டு வண்டிகள் பல, பின்னர் இலங்கைக்கு விற்கப்பட்டு, 1958ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் ஓடின. அவ்வண்டிகள் மறைந்துவிட்டன. ஆனால் படியேறாத வாழ்வு எஞ்சிவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எழுந்துள்ள தொடர்மாடி வீடுகளில் மின்னுயர்த்தி மேலே ஏற்றிவிடுகின்றது. கொலன்னாவையின் குறுகிய ஒழுங்கைகளிலும் முச்சக்கர வண்டி வாசலுக்கே வந்து நிற்கின்றது. பாட்டனார் நடந்து கடந்த தூரத்தைப் பேரன் அமர்ந்தே கடக்கின்றான். உணவின் அளவு மட்டும் குறையவில்லை.

தென்னாசிய மக்கள் இவ்விடயத்திற் கூடுதலான விழிப்புடன் இருத்தல் வேண்டும். இலங்கை உட்பட ஐந்து தென்னாசிய நாடுகளில் நடத்தப்பெற்று 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, இப்பகுதியினருக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதில் வருகின்றது என்றும், ஏனைய நாட்டாருக்கு அது 59 வயதளவில் வருகின்றது என்றும் கண்டது. ஆறாண்டு என்பது சிறிய வேறுபாடன்று. பிள்ளைகள் படித்து முடியாத காலத்தில், குடும்பத்தின் உழைப்பாளி படுக்கையில் விழும் வேறுபாடு அது.

நிறை மிகையானதா என்பதை எவ்வாறு அறிவது? கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை உடற்றிணிவுச் சுட்டி என்பர். பொதுவாக 25ஐத் தாண்டினால் மிகை என்பது உலக வழக்கு. ஆனால் ஆசிய மக்களுக்கு 23 முதலே ஆபத்து வளரத் தொடங்குகின்றது என்பதை உலக சுகாதார தாபனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு இவ்வெல்லை சுமார் 59 கிலோகிராம் ஆகும். நிறையிலும் இடுப்பளவு சிறந்த சான்று. தென்னாசிய ஆடவருக்கு 90 சென்ரிமீற்றரும், பெண்டிருக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையெனக் கொள்ளப்படுகின்றன. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல் நம் நாட்டில் மிகுதி. அதைச் செல்வச் செழிப்பின் அடையாளமென்று கருதுவது பழைய மயக்கம்.

வயிற்றறையில் உறுப்புக்களைச் சூழ்ந்து சேரும் கொழுப்பு வாளா கிடப்பதில்லை. அது கொழுப்பமிலங்களை ஈரலுக்கு அனுப்புகின்றது, இன்சுலினின் ஆற்றலைக் குறைக்கின்றது, குருதியிற் சீனியும் கொழுப்பும் உயர வழி செய்கின்றது, குருதியமுக்கத்தை ஏற்றுகின்றது. தீய கொலஸ்திரோல் முடியுரு நாடிகளின் சுவரிற் படிந்து தடிக்கின்றது. ஒருநாள் அப்படிவு வெடிக்க, அவ்விடத்தே குருதி உறைந்து பாதை அடைபட்டால், இருதயத் தசையின் ஒரு பகுதி குருதியின்றி இறக்கின்றது. மாரடைப்பு என்பது இதுவே.

இனி உணவைப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து கோப்பைத் தேநீர் அருந்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி இடுவாராயின், பத்துத் தேக்கரண்டி சீனி உட்செல்கின்றது. அதன் சக்தி ஏறக்குறைய 160 கலோரிக்கு மேற்படும். இச்சக்தியைச் செலவிட அவர் அரைமணி நேரத்துக்கு மேல் விரைந்து நடத்தல் வேண்டும். வாரந்தோறும் அரைக் கரண்டி குறைத்துக்கொண்டு வருவோர் ஒரு மாதத்தில் வெறுந்தேநீரின் சுவையை விரும்பக் கற்றுக்கொள்வர். போத்தற் பானங்களில் உள்ள சீனியின் அளவை அறிய, 2016ஆம் ஆண்டு முதல் இலங்கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் நிறக்குறிகள் சட்டப்படி இடப்பட்டு வருகின்றன. சிவப்புக் குறியைக் கண்டும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பது அறியாமையின் பாற்பட்டதன்று.

புட்டும் இடியப்பமும் சோறும் பகையல்ல, அளவே பகையாகின்றது. ஒரு தட்டின் அரைப்பங்கு மரக்கறியும் கீரையும், காற்பங்கு சோறு, எஞ்சிய காற்பங்கு மீன், பருப்பு, கடலை போன்றவை என்று வகுத்துக்கொள்வது எளிய முறை. வெள்ளைப் பச்சையரிசி மாவுடன் குரக்கன் மாவைக் கலந்து புட்டு அவிப்பதும், தவிடு நீக்காத சிவப்பரிசியைச் சமைப்பதும் நார்ப்பொருளைக் கூட்டும். பசி விரைவில் மீளாது. வல்லாரைச் சம்பலும் பொன்னாங்காணி வறையும் கொழும்புச் சந்தைகளில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களால் ஆனவை. தேங்காயின் கொழுப்பிற் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. ஆகவே சொதிக்கு முதற்பாலை விடுத்து இரண்டாம் பாலைக் கொள்ளலாம். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டியளவுக்குள் அடங்கவேண்டும் என்பர். கருவாடும் ஊறுகாயும் இக்கணக்கிற் சேரும்.

மாலை நேரத்து ரோல்சும் வடையும் கொத்துரொட்டியும் வாரத்தில் ஒருநாள் விருந்தாக இருப்பதிற் குற்றமில்லை. நாளாந்த உணவாகும்போதே தீங்கு. வீட்டுப் பெண்களுக்கு வேறோர் இடர் உண்டு. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமின்றித் தாமே உண்டு முடிப்பது அது. முதலிலேயே குறைவாகப் பரிமாறுவதால் உணவும் வீணாகாது. தாயின் உடலும் பருக்காது. பகல் முழுதும் விரதமிருந்து இரவில் இருமடங்கு உண்பதாலும் நிறை குறையாது. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் பெயர் பெற்றிருந்தும், அளவறிந்து, முன் உண்டது செரித்தபின் உண்ணுவதையே பெரிதும் வற்புறுத்துவது இங்கு நினைக்கத்தக்கது.

உடற்பயிற்சிக்கு வாரமொன்றுக்கு 150 நிமிடம் போதுமான தொடக்கமாகும். ஐந்து நாட்கள், நாளுக்கு அரைமணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்னும் வேகத்தில் நடத்தல் அதன் பொருள். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் 1856இல் தொடங்கி 1859இல் நிறைவுற்ற காலிமுக நடைபாதை, கொழும்புப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமெனக் கல்லிற் பொறித்துக் கையளிக்கப்பட்டதாகும். வெள்ளவத்தையார்க்குக் கடலோர வீதி அருகிலேயே உண்டு; புகையிரதப் பாதையின் மேல் நடப்பதை மட்டும் தவிர்த்தல் வேண்டும். நடைபாதையற்ற ஒழுங்கைகளில் வாழும் கொலன்னாவை மக்கள், வாகனம் குறைந்த அதிகாலையைத் தெரிந்துகொள்ளலாம். பஸ் வண்டியிலிருந்து இரண்டு தரிப்பிடம் முன்னே இறங்கி நடக்கலாம். தொடர்மாடி வீட்டார்க்கு மாடிப்படியே பயிற்சிக்கூடம். இலண்டன் நடத்துநரைக் காத்ததும் படிகளேயன்றோ?

பயன் விரைவிற் கண்ணுக்குத் தோன்றாமையால் பலர் இடையிற் கைவிடுகின்றனர். சென்னையில் நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரிடம் நடத்தப்பெற்று 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அவர்களுக்கு ஊக்கமளிக்கும். உணவையும் நடையையும் ஒழுங்கு செய்தோர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 28 அளவு குறைந்தது. அவர்களின் நிறையோ பெரிதும் மாறவில்லை. தராசு அசையாதபோதும் உள்ளே நன்மை நிகழ்கின்றது. நிறையும் குறையுமாயின் நன்மை பெருகும்: 80 கிலோகிராம் உடையவர் 4 முதல் 8 கிலோகிராம் குறைத்தாலே குருதியமுக்கமும் சீனியும் இறங்குகின்றன. வாரத்துக்கு அரைக் கிலோகிராம் என்பது தகுந்த வேகம். பட்டினியால் விரைந்து இழந்த நிறை பெரும்பாலும் விரைந்தே மீளும்.

நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ உடையவரும், இன்சுலின் ஏற்றிக்கொள்வோரும் வைத்தியரைக் கேட்டபின்பே பயிற்சி தொடங்குதல் வேண்டும். புகைத்தலை விடாது நடையை மட்டும் மேற்கொள்வது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும். நடுவயதை எட்டியோரின் இடுப்பளவு, குருதியமுக்கம், குருதிச் சீனி ஆகியவற்றை இலவசமாகச் சோதிக்க, அரசாங்க வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011ஆம் ஆண்டு முதல் அமைக்கப்பட்டு வருகின்றன. நெஞ்சின் நடுவே அழுத்தும் வலி தோன்றி, இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் பெருகுமாயின், வாய்வுக் கோளாறு என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக் காத்திருத்தல் ஆகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்து இலவச அம்புலன்ஸ் வண்டியை உடனே வரவழைத்தல் வேண்டும். அடைபட்ட நாடியைத் திறக்கும் சிகிச்சையில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் தசையின் இழப்பாகும்.

இருதயத்தைக் காக்கும் இவ்வழிகளுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு கரண்டி சீனி குறைவு, ஒரு பிடி கீரை கூடுதல், நாளும் அரைமணி நேர நடை, ஏறக்கூடிய படிகளை ஏறுதல் ஆகிய இவை ஏழையும் செல்வரும் ஒப்பச் செய்யக்கூடியவை. நோய் வந்தபின் தேடும் மருந்திலும், வருமுன் பழகும் பழக்கம் மலிவானது, நீடித்தது.