அம்மாவுக்குப் போகும் பழைய கைப்பேசி

ஜொகூரில் கைப்பேசிகள் வயது ஏறும் திசையிலேயே கைமாறுகின்றன. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மகன் புதிது வாங்கினால், அவன் வைத்திருந்தது மாசாயிலோ கூலாயிலோ இருக்கும் அம்மாவுக்கு வரும். அம்மா வைத்திருந்தது குளுவாங்கில் இருக்கும் பெரியம்மாவிடமோ, லாபிஸ் பக்கம் இருக்கும் பாட்டியிடமோ போய்ச் சேரும். திரையில் கீறல் இருக்கட்டும், பேட்டரி மதியத்துக்குள் இறங்கட்டும், பேரப்பிள்ளையின் முகம் தெரிந்தால் போதும் என்பதுதான் கணக்கு. ஒருநாள் அந்த முகமும் தெரியாமல் போய்விடுகிறது. போன் கெட்டுப்போகவில்லை. வாட்ஸ்அப் அந்தப் போனைக் கைவிட்டுவிட்டது.

2025-ஆம் ஆண்டு இந்த வகையில் சற்றுக் கடுமையாகவே இருந்தது. மே 5-ஆம் தேதி ஸ்கைப் மூடப்பட்டது. 2003-இல் தொடங்கி, ஊரில் உள்ள உறவுகளோடு முகம் பார்த்துப் பேசலாம் என்பதைப் பலருக்கு முதன்முதலில் காட்டிக்கொடுத்தது அதுதான். மைக்ரோசாஃப்ட் 2011-இல் 850 கோடி டாலருக்கு அதை வாங்கியது. மூடப்போகிறோம் என்ற அறிவிப்புக்கும் மூடியதற்கும் இடையே கிடைத்த அவகாசம் ஏறத்தாழ இரண்டே மாதம். அதே ஆண்டின் நடுவில், ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள ஐபோன்களில் வாட்ஸ்அப் நின்றது. ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவை ஐஓஎஸ் 12-க்கு மேல் ஏறாதவை என்பதால், அவற்றை வைத்திருந்தவர்களுக்கு வழியே இல்லை. அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பும் முடிவுக்கு வந்தது. ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு இந்த அனுபவம் முன்பே உண்டு. 2021 நவம்பர் 1-இல் 4.0.4 வரையிலான பதிப்புகள் வெளியே போயின. 2023 அக்டோபர் 24 முதல் குறைந்தது 5.0 வேண்டும் என்றார்கள்.

மற்ற ஊர்களில் இது சின்னத் தொந்தரவு. ஜொகூரில் அப்படிச் சொல்லிவிட முடியாது. கோவிட் பரவலால் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, நாள்தோறும் சிங்கப்பூர் எல்லையைத் தாண்டிப் போய்வந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் என்று சொல்லப்பட்டது. அவர்களில் பலர் அந்தப் பக்கமே தங்கிவிட நேர்ந்தது. கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றால் உட்லண்ட்ஸ் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும், பிள்ளையைத்தான் பார்க்க முடியாது. ஆகஸ்ட் 17-இல் வந்த ஏற்பாட்டில்கூட, குறைந்தது 90 நாள் அங்கே வேலை செய்த பிறகே வீட்டுக்கு வரலாம். 2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்துகள் லார்க்கினுக்கும் குவீன் ஸ்திரீட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கின. எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். நடுவே இரண்டு ஆண்டுகள் நிச்சயதார்த்தம், காதுகுத்து, கருமக்கிரியை எல்லாம் கையகலத் திரையில் நடந்தன. 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் குழு அழைப்பில் நான்கு பேர் என்றிருந்ததை எட்டாக உயர்த்தியது நம் குடும்பங்களுக்குப் போதவே இல்லை. பச்சைப் பொத்தானை எந்தப் பக்கம் இழுப்பது என்று நம் பாட்டிகள் பழகிக்கொண்டது அப்போதுதான். எல்லை திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வார நாளில் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி இரவு திரும்பும் மகனை, ஒரே மாநிலத்தில் இருந்தாலும், அம்மா பார்ப்பது இன்னமும் திரையில்தான்.

செயலிகள் பழைய போன்களைக் கைவிடுவதற்கு உண்மையான தொழில்நுட்பக் காரணங்கள் இருக்கின்றன. காணொளி அழைப்பில் அவை இன்னும் அதிகம். கேமரா பிடிக்கும் படத்தை அந்த நொடியே சுருக்கி, அடுத்தவர் பார்க்க முடியாதபடி பூட்டி, அனுப்ப வேண்டும். எதிர்முனையிலிருந்து வருவதை அதே வேகத்தில் திறந்து விரிக்கவும் வேண்டும். எழுத்துச் செய்தி இரண்டு நொடி தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியாது. பேச்சு அரை நொடி பிந்தினாலே இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் மோதிக்கொள்வார்கள். புதிய சுருக்க முறைகள் குறைந்த டேட்டாவில் தெளிவான படம் தரும். ஆனால் அந்த வேலைக்கென்றே செய்த சில்லு பழைய போனில் கிடையாது. எல்லாவற்றையும் அதன் பொதுச் சில்லே செய்ய வேண்டியிருப்பதால்தான் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் இஸ்திரிப்பெட்டிபோல் சூடாகிறது.

அடுத்தது பூட்டு சம்பந்தப்பட்டது. இணைய இணைப்பைக் காக்கும் டிஎல்எஸ் 1.2 என்ற முறை, ஆண்ட்ராய்டில் 5.0 பதிப்பிலிருந்துதான் தானாகவே இயங்கத் தொடங்கியது. அதைவிடச் சிக்கலானது சான்றிதழ். நீங்கள் தொடர்புகொள்ளும் சர்வர் உண்மையானதுதானா என்று சரிபார்க்கப் போனுக்குள்ளேயே ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதியும் உண்டு. 2021 செப்டம்பர் 30-இல், உலகின் பல கோடி இணையத்தளங்களுக்குச் சான்றளிக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. அதற்கு மாற்றாக வந்த புதியது, ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களின் பட்டியலில் இல்லை. தனி ஏற்பாடு ஒன்றைச் செய்து அந்தப் போன்களுக்கு 2024 வரை ஆயுள் வாங்கிக் கொடுத்தார்கள். யாரும் எதையும் உடைக்காமலே, தேதி மாறியதால் மட்டுமே ஒரு போன் இணையத்திலிருந்து விலக்கப்படலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எல்லாமே இப்படிக் கள்ளம் கபடம் இல்லாதது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2014 ஏப்ரல் 16-இல், ஐஓஎஸ் 6 வைத்திருந்தவர்களுக்கு ஃபேஸ்டைம் திடீரென நின்றது. சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, ஐஓஎஸ் 7-க்கு மாறுங்கள் என்றது ஆப்பிள். மாறிய பழைய ஐபோன் 4 ஆமையாய் ஊர்ந்தது. பிறகு அமெரிக்காவில் வழக்கு வந்தது. காப்புரிமை வழக்கொன்றில் தோற்றபின் ஆப்பிள் அழைப்புகளை வெளி நிறுவனத்தின் சர்வர்கள் வழியே அனுப்ப வேண்டியதாயிற்று, அந்தச் செலவைக் குறைக்கவே பழைய பதிப்பை வேண்டுமென்றே முடக்கியது என்பது குற்றச்சாட்டு. ஆப்பிள் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2020-இல் 1.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. “உங்கள் பாதுகாப்புக்காக” என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, யாருடைய செலவைக் குறைப்பதற்காக என்றும் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை.

சரி, பாட்டியின் திரையில் வாட்ஸ்அப் இனி ஓடாது என்ற அறிவிப்பு வந்துவிட்டது. உடனே கடைக்கு ஓடத் தேவையில்லை. பல நேரம் விஷயம் அற்பமாக இருக்கும். வாட்ஸ்அப்பின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு, நீண்ட நாள் புதுப்பிக்காவிட்டால் அது தானாகவே வேலைநிறுத்தம் செய்யும். புதுப்பிக்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்கள் போனின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டிருப்பது. அவற்றை அழித்தால் வழி பிறந்துவிடும். பேட்டரி முழுதாக இறங்கி, போனின் தேதி எங்கோ பின்னால் போயிருந்தாலும் செயலி திறக்காது. இன்னொன்று நம் நாட்டு நிலவரம். 2021 இறுதியில் மலேசியாவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 4ஜி இல்லாத பழைய போன் வீட்டு வைஃபையில் நன்றாக வேலை செய்யும், வாசலைத் தாண்டினால் காணொளி அழைப்புக்கு உதவாது. அது செயலியின் குற்றமன்று. இவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு அமைப்புகளில் “போனைப் பற்றி” என்ற பகுதிக்குப் போய் ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பைப் பாருங்கள். அது வாட்ஸ்அப் கேட்கும் குறைந்தபட்சப் பதிப்புக்குக் கீழே இருந்து, மேலே ஏறவும் மறுத்தால் மட்டுமே போன் கைவிடப்பட்டது என்று அர்த்தம்.

அந்த நிலையில்தான் ஆபத்து வருகிறது. “பழைய போனிலும் ஓடும் வாட்ஸ்அப்” என்று யாராவது ஏபிகே எனப்படும், ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு ஒன்றை அனுப்புவார்கள். தொடவே தொடாதீர்கள். கல்யாண அழைப்பிதழ் என்று வந்த ஏபிகேயைத் திறந்து வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தவர்களின் கதைகளை நம் காவல்துறை எத்தனையோ முறை சொல்லிவிட்டது. ஜிபி வாட்ஸ்அப் போன்ற திருத்தப்பட்ட செயலிகளுக்கும் இது பொருந்தும். அவற்றைப் பயன்படுத்தும் கணக்குகளை வாட்ஸ்அப்பே முடக்குகிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

வேறு போன் கிடைக்கும்வரை என்ன செய்வது? வீட்டில் மடிக்கணினி இருந்தால் அதுவே போதும். கூகுள் மீட் இணைப்பு ஒன்றைத் தயாரித்து மகன் அனுப்பினால், பாட்டி பக்கத்தில் இருப்பவர் உலாவியில் அதைத் திறந்தால் முடிந்தது, தனிச் செயலி வேண்டாம். குழுவாகப் பேசினால் இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம் கிடைக்கும். பெரிய திரை வயதானவர்களுக்கு வசதியும்கூட. ஆனால் உலாவிகளும் பழையதை உதறிக்கொண்டேதான் இருக்கின்றன. 2025 ஆகஸ்ட் முதல் குரோமின் புதிய பதிப்புகளுக்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும். மகளிடம் புதிய ஆண்ட்ராய்டு போன் இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பாட்டியின் கணக்கை இரண்டாவதாகச் சேர்த்து, அதோடு பாட்டி வீட்டுக் கணினியை இணைத்துவிடலாம். முதன்மைப் போனில் 14 நாளுக்கு ஒருமுறையாவது அந்தக் கணக்கைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டி யாரிடம் யாரைப் பற்றி என்ன சொல்கிறார் என்பது முழுவதும் மகளுக்குத் தெரிந்துவிடும் என்பதை மட்டும் இருவரும் யோசித்துக்கொள்ளட்டும். வீட்டில் கணினியே இல்லாதவர்களுக்கு, முன்பு இணைய மையம் என்ற பெயரில் இயங்கி இப்போது நாடி என்று அழைக்கப்படும் அரசாங்க மையங்கள் இருக்கின்றன. அங்கே கணினியும் இணையமும் உண்டு, சொல்லிக்கொடுக்க ஆளும் உண்டு.

கடைசியில் வேறு போன் வாங்கத்தான் வேண்டியிருக்கும். ஜொகூர் பாருவின் ஹாலிடே பிளாசா போன்ற இடங்களில் பழைய போன் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை ஜிபி என்பதைத்தான். கேட்க வேண்டியது, இதில் எந்த ஆண்ட்ராய்டு இருக்கிறது, இன்னும் எத்தனை வருடம் புதுப்பிப்பு வரும் என்பதை. சாம்சங் 2024-இல் வந்த எஸ்24 வரிசைக்கும், கூகுள் 2023-இல் வந்த பிக்சல் 8-க்கும் ஏழு வருடம் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இது நிறுவனத்தின் பெருந்தன்மைக்கு விடப்பட்ட விஷயமன்று. ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருடம் புதுப்பிப்பு தந்தாக வேண்டும் என்பது சட்டம். ஒரு தலைமுறை தாண்டிக் கைமாறும் போன்களை நம்பி வாழும் நாட்டுக்கும் அப்படி ஒன்று தேவை.

கைமாற்றும் திசையையும் ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. மகனிடம் அலுவலகக் கணினி இருக்கிறது, கேட்டால் சொல்ல நண்பர்கள் இருக்கிறார்கள், ஒரு செயலி போனால் இன்னொன்றுக்கு அரை மணி நேரத்தில் மாறிவிடுவான். பாட்டிக்கு இருப்பது ஒரே செயலி, அதில் ஒரே பச்சைப் பொத்தான். அவருக்கு விலை உயர்ந்தது வேண்டாம், புதுப்பிப்புக் காலம் நீண்டிருக்கும் மலிவான புதிது போதும். ஆயுள் குறைந்த பழையதை மகனே ஓட்டட்டும்.

எந்தத் திசையில் கைமாறினாலும், பழைய போன் உயிரோடு இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவுக்கும், ஐபோனில் ஐகிளவுடுக்கும் உரையாடல்களைக் காப்பு எடுங்கள். செயலி நின்றபின் அதற்குள் நுழைவது கடினம். சிம் அட்டை உயிரோடு இருக்கிறதா பாருங்கள். வைஃபையிலேயே பேசுகிறவர்கள் டாப் அப் செய்ய மறந்து எண்ணை இழப்பது நம்மிடையே சாதாரணம், எண் போனால் சரிபார்ப்புக் குறுஞ்செய்தி வராது. கணக்கு 120 நாள் சும்மா கிடந்தால் வாட்ஸ்அப் அதை அழித்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். எப்போதோ, யாரோ ஒரு பேரன் பாதுகாப்புக்காக ஆறு இலக்கக் குறியீடு போட்டுக் கொடுத்திருப்பான். மீட்பு மின்னஞ்சலும் இல்லாமல் அதை மறந்திருந்தால், புதிய போனில் நுழைய ஏழு நாள் காத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால், அந்தக் குறியீட்டைப் பாட்டி எங்கே எழுதி வைத்திருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.