கருநீர்க் காய்ச்சல்

மலேரியா கண்டவருக்கு மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகுமாயின், அதை உடற்சூடு என்று கருதி இளநீர் கொடுத்து வீட்டில் வைத்திருப்பது பேரபாயமாகும். கருநீர்க் காய்ச்சல் எனப்படும் இவ்வியாதி சில நாட்களிலேயே உயிரைக் கவர வல்லது.

மலேரியாக் கிருமிகளுள் மிகக் கொடியதான பால்சிபாரம், ரத்தத்தின் சிவப்பு அணுக்களுள் புகுந்து பெருகி, சுமார் 48 மணி நேரத்தில் அவற்றை உடைத்துக்கொண்டு வெளிப்படுகிறது. கருநீர்க் காய்ச்சலிலோ, கிருமி புகாத அணுக்களுங்கூடத் திரளாக உடைகின்றன. சரியாக ஏறாத சாயம் முதல் அலசலிலேயே நீரோடு போவதை நெசவாளர் அறிவர். ஏறக்குறைய அவ்வாறே, அணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருள் பிரிந்து சிறுநீரகங்களின் வழியே இறங்குகிறது. குளிர்நடுக்கமும் வாந்தியும் இடுப்புவலியும் தோன்றும், கண் மஞ்சளிக்கும், முகம் வெளுக்கும். பின்னர் மூத்திரம் குறைந்து, அறவே நின்றுபோவதும் உண்டு. அந்நிலையே அனைத்தினும் அஞ்சத்தக்கது.

முன்னாளில் மேற்கு ஆப்பிரிக்காவில் குடியேறிய ஐரோப்பியரை இது பெரிதும் வாட்டியது. நம் தேசத்திலும் வங்காளத்து டுவார்ஸ் தேயிலைத் தோட்டங்களில் இது காணப்பட்டது. கிறிஸ்டோபர்ஸ், பென்ட்லி என்னும் மருத்துவர்கள் அங்கு ஆராய்ந்து 1908-இல் அறிக்கை வெளியிட்டனர். கொயினாவை ஒழுங்கின்றி, விட்டுவிட்டு உண்டவர்களையே இது பெரும்பாலும் பற்றியது. 1950-க்குப் பின் குளோரோகுவின் வழக்கிற்கு வந்ததும் இவ்வியாதி அரிதாயிற்று. அரிதாயிற்றேயன்றி மறைந்துவிடவில்லை.

பிறவியிலேயே ஜி-6-பி-டி என்னும் நொதிப்பொருள் குறைந்தவர்கள் சிலர் உளர். மலேரியா மீண்டும் வாராதிருக்கக் கொடுக்கப்படும் பிரைமாகுவின் மாத்திரை இவர்களுடைய ரத்த அணுக்களை உடைக்கக்கூடும். இக்காரணம் 1956-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. இன்று ஒரு சிறு ரத்தப் பரிசோதனையால் இக்குறையை அறியலாம். குடும்பத்தில் எவருக்கேனும் மருந்தினால் மூத்திரம் கறுத்ததுண்டெனில், அதை மருத்துவரிடம் முன்னரே கூறிவிடுவது அவசியம்.

தமிழ்நாட்டில் மலேரியா பெரிதும் குறைந்திருப்பது உண்மையே. ஆயினும் ஒடிசா, சத்தீஸ்கர் முதலிய மாநிலங்களின் வனப்பகுதிகளுக்குச் சென்று திரும்பும் அங்கத்தினர்கள், காய்ச்சல் கண்டால் தாம் சென்ற இடத்தையும் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரை அட்டையை மாடத்தில் வைத்துவிட்டுத் தறியில் அமர்வது நம்மவரிடையே வழக்கம். கூலி போய்விடுமே என்னும் கவலை நியாயமானதே. ஆனால் மிஞ்சிய மாத்திரைகள் அடுத்த காய்ச்சலுக்கென்று சேமிக்கத்தக்க பொருளல்ல.

மூத்திரம் கறுத்துவிட்டாலோ, எம்மருந்தையும் தாமாகத் தொடராமல், உண்ட மருந்தின் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு, ரத்தம் ஏற்றவும் இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிக்கவும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நோயாளியை நேராகக் கொண்டுசெல்க. அங்கு ஆர்ட்டிசுனேட் ஊசி போடப்பெற்றுக் குணமடைந்தவர்கள், வீடு திரும்பிய பின்னும் நான்கு வாரங்கள் வரை மருத்துவர் குறிக்கும் நாட்களில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிலருக்கு அக்காலத்திலும் அணுக்கள் உடைவதுண்டு.