சிறுசேரியில் கூடும் கணிப்பொறி அறிஞர்கள்

ரயில் வருமுன் கேட் மூடியாக வேண்டும் அல்லவா? அதை இயக்கும் கணிப்பொறி நிரல் ஒருபோதும் பிசகாது என எப்படி உறுதி செய்வது? ஆயிரம் முறை சோதித்தாலும் போதாது. ஆயிரத்தோராவது முறை பிசகினால் உயிர்ச்சேதம்தான். கணித நிரூபணமே வேண்டும்.

செங்கற்பட்டு மாவட்டம் சிறுசேரியில், பழைய மாமல்லபுரம் சாலையருகே உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில், இத்தகைய நிரூபணங்களை ஆராய்வோருக்கான 'ஆக்ட்ஸ்' பயிலரங்குகள் நடந்துள்ளன. பெரிய மாநாட்டில் பலரும் தம் முடிவைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே துறையினர் சிலர் மட்டும் கூடும்போதோ, முடியாத கணக்கையும் துணிந்து கரும்பலகையில் எழுதலாம். இடறும் வரியை எதிரிலிருப்பவர் அங்கேயே சுட்டிக்காட்டுவார்.

பிரெஞ்சு அறிஞர்களுடன் வளர்ந்த கூட்டுறவு, 2017-இல் 'ரிலாக்ஸ்' என்னும் இந்திய-பிரெஞ்சு ஆய்வகமாயிற்று. போர்தோ பல்கலைக்கழகமும் அதில் பங்காளி. ஓய்வெல்லாம் பெயரில் மட்டும்தான்!