சில மாதமே வாழும் மீன் முப்பது ஆண்டுக்கு மேல் தப்பிப் பிழைத்தது எப்படி?

ஜிம்பாப்வேயின் கோனரேஜோ பகுதியில் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும் குட்டைகள் உண்டு. டர்க்குவாய்ஸ் கில்லிஃபிஷ் என்ற சின்ன மீன் 1968-இல் அங்கே பிடிபட்டு, மீன் வளர்ப்பு ஆர்வலர்களின் தொட்டிகளுக்கு வந்தது. குட்டை வற்றினால் மீன் செத்துவிடும். சேற்றில் இட்ட முட்டை சாகாது. உள்ளே கரு தன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். எல்லா முட்டையும் ஒரே மழைக்குப் பொரிவதுமில்லை. முதல் மழையை நம்பி விதைநெல் முழுவதையும் கொட்டிவிடாத விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள்; அதே கணக்குதான்.

ஆர்வலர்கள் தொட்டியடியில் மக்கிய பாசித்தூளைப் பரப்புவார்கள். முட்டையோடு அதை அள்ளி, நீரைப் பிழிந்து, ஈரம் போகாமல் பாலிதீன் பையில் கட்டி, தேதி எழுதி மாதக்கணக்கில் வைப்பார்கள். பிறகு தண்ணீர் ஊற்றினால் குஞ்சு நீந்தும். பை தபாலிலும் போகும். இந்த மீன் ஏறத்தாழ மூன்று மாதமே வாழ்கிறது என்று 2003-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அறிவித்தது, இப்படிக் காப்பாற்றப்பட்ட வம்சத்தைப் பார்த்துத்தான்.

தொட்டிக்குள்ளேயே, உறவுக்குள்ளேயே பெருகிய மீனாயிற்றே, குறைந்த ஆயுள் அதனால் வந்த கோளாறாக இருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம். மொசாம்பிக்கின் குட்டைகளில் புதிதாகப் பிடித்த மீன்களின் வம்சங்களையும் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். மழை அதிகமுள்ள பகுதியின் வம்சம் கூடுதல் நாள் வாழ்ந்தது. வறண்ட பகுதியினது சீக்கிரம் முதுமை கண்டது. ஆக, உறவுக்குள் பெருகியது மட்டும் காரணமல்ல. குட்டை எவ்வளவு காலம் நிற்கும் என்பதும் ஆயுளைத் தீர்மானித்திருக்கிறது. உறவுக்குள் பெருகியதால் தொட்டி வம்சத்தின் மரபணுக்களில் வந்த, குறையாகத் தெரிந்த ஒரேமாதிரித் தன்மை இன்னொரு வகையில் உதவியது: 2015-இல் இந்த மீனின் மரபணுத் தொகுதியைப் படித்தவர்களுக்கு வேலை எளிதானது.