இளையோர் கொண்டாட்டத்தில் தனி ஆளாகப் பாடுவது: எந்தப் பாட்டு, ஏன்?

புலம்பெயர் நாடுகளில் எமது பிள்ளைகளின் பதினெட்டாம், இருபத்தோராம் பிறந்தநாட்கள் இப்போது மண்டபம் எடுத்துக் கொண்டாடும் நிகழ்வுகளாகிவிட்டன. முழு இசைக்குழுவை அழைக்க எல்லோருக்கும் வசதி இருப்பதில்லை. டீஜே மட்டும் போதாது, யாராவது நேரில் பாடினால் நல்லது என்று நினைக்கும் குடும்பங்கள் எம்மைப் போன்ற தனி ஆட்களை அழைக்கின்றன. ஒரு கீபோர்ட் அல்லது கிற்றார், ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர். அவ்வளவுதான் எமது இசைக்குழு. அழைப்போடு பெரும்பாலும் அப்பா எழுதிய பாட்டுப் பட்டியல் ஒன்றும் வட்ஸ்அப்பில் வந்து சேரும். இருபது பாட்டில் பதினைந்து இளையராஜா.

அந்தப் பட்டியலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு உரியது.

இளையராஜா பாட்டின் பாதி உயிர் இடையிசையில் இருக்கிறது. அந்த வயலின்களையும் புல்லாங்குழலையும் ஒரு ஆள் காவிக்கொண்டு போகமுடியாது. கரோக்கி போட்டால், இடையிசை ஓடி முடியும்வரை பாடுபவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கவேண்டும். பெரியவர்கள் அந்த நேரத்தில் கண்ணை மூடி ரசிப்பார்கள். இருபது வயதுப் பிள்ளை கைபேசியை எடுக்கும். எடுத்த கைபேசி திரும்பச் சட்டைப்பைக்குள் போவது இலேசில் நடக்காது. அதனால் திரைப்பாட்டு எதுவாக இருந்தாலும் இரண்டாவது இடையிசையை வெட்டிவிடுவோம். சில வேளை இரண்டாவது சரணத்தையும் விட்டுவிடுவோம். நாலரை நிமிடப் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்தால் இளையோர் யாரும் குறை சொல்வதில்லை.

பாட்டைத் தெரிவு செய்யும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, இது நல்ல பாட்டா என்பதல்ல. இதில் கூட்டம் தானே பாடி முடிக்கக்கூடிய வரி இருக்கிறதா என்பதுதான். தனி ஆளின் குறையை நிரப்புவது கூட்டத்தின் குரல். பாதி வரியைப் பாடிவிட்டு மைக்கை அவர்கள் பக்கம் திருப்பினால் மீதி வரவேண்டும். 'கில்லி' (2004) படத்தின் 'அப்படிப் போடு', 'மாரி 2' (2018) படத்தின் 'ரௌடி பேபி' போன்றவை இந்தச் சோதனையில் எப்போதும் தேறும். 2011இல் வந்த 'கொலவெறி'யைப் பெரியவர்களில் சிலர் இன்னும் பாட்டென்றே ஏற்பதில்லை. ஆனால் சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வருவன, பாதி உடைந்த ஆங்கிலம். தமிழ் தடுமாறும் பிள்ளை வெட்கப்படாமல் வாய் திறக்கக்கூடிய பாட்டு அது. மாறாக 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி கமிங்' ஆட்டத்துக்கு அருமையானது, ஆனால் அதன் பலம் முழுவதும் பறையிலும் தாளத்திலும் இருக்கிறது. கிற்றாரோடு நிற்பவர் அதில் பாடுவதற்கு அதிகம் இல்லை. அதை டீஜேயிடம் விட்டுவிடுவதே மரியாதை.

புதிய பாட்டுகள்தான் இளையோருக்குத் தெரியும் என்பது பெற்றோரின் பொதுவான எண்ணம். உண்மையில் ரிக்ரொக்கில் கேட்ட பாட்டில் அவர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் பதினைந்து விநாடி மட்டுமே. முதலிலிருந்து கடைசிவரை தெரிந்த பாட்டுகள் இரண்டு இடங்களிலிருந்து வந்தவை. ஒன்று அப்பாவின் கார். மற்றது தமிழ்ப் பாடசாலைக் கலைவிழா. ஒன்பது வயதில் மாதக்கணக்கில் சனிக்கிழமைகளில் பழகி மேடையில் ஆடிய பாட்டை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை. சொல் மறந்தாலும் கை கால் மறக்காது. ஆகவே பிறந்தநாள் பிள்ளையோடு நேரடியாகத் தொலைபேசியில் பேசும்போது, "உமக்குப் பிடித்த பாட்டு என்ன?" என்று நாம் கேட்பதில்லை. அதற்கு வரும் பதில் அந்த வாரப் பாட்டு. "கலைவிழாவில் என்ன பாட்டுக்கு ஆடினீர்? கூட ஆடியவர்கள் விழாவுக்கு வருகிறார்களா?" என்று கேட்போம். அந்தப் பாட்டு தொடங்கியதும் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு எழும்புவார்கள். பிறகு எமக்கு வேலை குறைவு.

அடுத்தது சுருதி. எமது திரைப்பாட்டுகளில் பல உச்சத்தில் பாடப்பட்டவை. பாடுபவருக்கு எட்டினாலும் கூட்டத்துக்கு எட்டாது. ஆண்கள் வழக்கமாக ஒன்று, இரண்டு கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரையிலும் பாடுவார்கள். ஒரே மண்டபத்தில் இருவரும் சேர்ந்து பாடவேண்டுமென்றால் மூலச் சுருதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க முடியாது. கீபோர்ட்டில் சுருதி மாற்றும் பொத்தான் இருக்கிறது. ஒரு கட்டையோ ஒன்றரையோ இறக்கினால் போதும். பாடகரின் திறமையைக் காட்டும் இடம் இதுவல்ல.

தாளத்தில் எமக்குக் கையிலேயே ஒரு முதுசம் இருக்கிறது. பைலா, போர்த்துக்கேயர் காலத்தில் அவர்களோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களோடும் இலங்கைக்கு வந்து வேரூன்றிய இசை. அதன் ஆறு அடி நடையும் எமது குத்துப் பாட்டுகள் பலவற்றின் நடையும் ஒன்றுதான். அதனால் ஒரு பைலாவிலிருந்து குத்துக்குக் கீபோர்ட்டில் தாளத்தை நிறுத்தாமலே போகலாம். அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோர் வளர்த்த ஈழத்துப் பொப்பிசை இப்படித்தான் இங்கே பிறந்த பிள்ளைகளிடமும் போய்ச் சேர்கிறது. 'சின்ன மாமியே' தொடங்கினால் முதலில் எழும்புவது மாமாமார். அவர்கள் ஆடுவதை வீடியோ எடுக்க வரும் பிள்ளைகள் பிறகு தாங்களும் நின்றுவிடுவார்கள். 'சுராங்கனி'யும் அப்படியே.

அந்தச் 'சுராங்கனி'யில் சிங்களம் கலந்திருக்கிறது, யாரும் பொருட்படுத்துவதில்லை. அதற்கு ஆடித்தான் பெரியவர்கள் தங்கள் கலியாணங்களைக் கொண்டாடினார்கள். ஆனால் 2021இல் யொஹானி பாடி உலகமெங்கும் பரவிய 'மெனிக்கே மகே ஹித்தே' வேறு கதை. இளையோர் அதை அடிக்கடி கேட்பார்கள். மெட்டு இனிமையானது, ஒரு கிற்றாருக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். பாடகியின் தந்தை வன்னிப் போரில் படையணிக்குத் தலைமை தாங்கிய இராணுவ உயரதிகாரி. தந்தையின் பதவிக்கு மகள் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவர்கள் அந்த மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும். குடும்பத்திடம் முன்கூட்டியே கேட்காமல் அதை நாம் பாடுவதில்லை. பிள்ளை ஏன் என்று கேட்டால் காரணத்தை மறைப்பதும் இல்லை. பலர் அதை முதன்முதலாக எம்மிடமிருந்துதான் கேள்விப்படுகிறார்கள்.

இதற்கு நேரெதிரான வேண்டுகோளும் வரும். இரவு பத்து மணிக்கு மேல், கையில் கிண்ணத்தோடு, எழுச்சிப் பாடல் ஒன்று பாடச் சொல்லி யாராவது கேட்பார்கள். உணர்வு உண்மையானதாகவே இருக்கலாம். அந்தப் பாடல்களுக்கு வேறு மேடை இருக்கிறது, வேறு நாட்கள் இருக்கின்றன. நாம் மறுத்துவிடுவோம். நவம்பர் 21 முதல் 27 வரையும் மே 18 அன்றும் நிகழ்வு ஏற்பதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதும் நல்லது.

பாட்டின் சொற்களையும் ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும். பொருள் விளங்காத பிள்ளைகள் இரட்டை அர்த்த வரிகளை முழுத் தொண்டையில் பாடுவார்கள். முன்வரிசையில் இருக்கும் அம்மம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும்.

லண்டன் பக்கத்து மண்டபங்கள் சிலவற்றில் ஒலிக்கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருப்பார்கள். சத்தம் எல்லை தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும்; குறைக்காவிட்டால் மேடைக்கு மின்சாரம் நின்றுவிடும். குத்துப் பாட்டின் அடித்தாளம்தான் வழக்கமாக அதைத் தட்டி எழுப்புவது. மண்டபம் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, இளையோருக்கு முன்னால் தனி ஆள் தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம், பன்னிரண்டு பதின்மூன்று பாட்டு. அதில் முதல் நான்கு, சாப்பாட்டு நேரத்துக்குரிய மெல்லிசை: 'வசீகரா', 'முன்பே வா' போன்றவை. அப்பாவின் பட்டியலிலிருந்து இரண்டும் இங்கேதான் இடம்பெறும். அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காக நேரத்தோடு சொல்லிவிடுவோம். ஆட்டப் பாட்டுகளில் மிக வலிமையானதை முதலில் செலவழிக்காமல் கடைசிக்கு வைப்போம். அது என்ன பாட்டு, என்ன வேகம் என்று டீஜேயிடம் முதலே பேசி வைத்தால், நாம் கடைசிப் பல்லவியைக் கூட்டத்திடம் விட்டு விலகும்போது அவர் அதே வேகத்தில் அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுவார். யாரும் இருக்கைக்குத் திரும்பமாட்டார்கள்.